இரும்பு

கோரிப்பாளையம் ஸ்கேன் சென்டரில்
நாள் முழுக்க நான் கேட்பது ஒன்றுதான்:
"உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கா?"
கொலுசு, ஊக்கு,
மேலூர்க்காரர் அரைஞாணில் கோத்த தாயத்து,
எல்லாம் தட்டில் வாங்கிக்கொண்டு
கதவை அடைப்பேன்.
உள்ளே காந்தம் தடதடக்கும்.
முதலில் நாலுக்கு நாலு,
அப்புறம் ஏழில் ஒரு கோணல் நடை.
யாரும் ரசிப்பதில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நான் மட்டும் தலையாட்டுகிறேன்.

செல்லூரில் என் அறை.
கிரைண்டர் பிளக்கில் ஆம்ப்.
சீட்டு எடுத்து வாங்கிய கறுப்பு கிடார்,
திண்டுக்கல் பஸ்ஸில் அதற்கும் லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.
தடித்த தந்தியை ஒரு சுரம் இறக்கி
உள்ளங்கையால் அமுக்கி அடித்தால்
அதே காந்தம்.
"ஏன்டி, மோட்டார் காத்து வாங்குது பாரு"
கீழ்வீட்டு ஜெசிந்தாக்கா கத்துவாள்.
எதிர்ச்சந்துப் பவர்லூம் நிற்கும்வரை
நானும் நிறுத்துவதில்லை.

ஆட்டி ஆட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது.
நேற்று என்னையே படுக்க வைத்தார்கள்.
புதுப் பையன் பர்னபாஸ்
தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்,
அதே கேள்வி.

விரல்நுனிக் காய்ப்பைக் கட்டைவிரலால் தடவி,
கொஞ்சம் யோசித்துத்தான்
இல்லை என்றேன்.