பதினைந்து மதிப்பெண் வினா

குன்னூர். ஏலத்துக்கு முந்தைய காலை.
வடக்கு ஜன்னலோரம் நாற்பத்திரண்டு கோப்பைகள்.
ஐந்து நிமிட மணி அடித்துவிட்டது,
போஜன் குறிப்பேட்டோடு நிற்கிறான்.
கரண்டியால் உறிஞ்சுகிறேன், துப்புகிறேன், சொல்கிறேன்:
கருகல். சப்பை. இது புகை.
இது, ம், நல்ல துவர்ப்பு.
பதினேழாவதில் நின்றுவிட்டேன்.
ஒன்பதாவதில் இருந்த அதே ஈர மூங்கில் வாடை.

ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் எனக்குப் பரீட்சை.
தபால்வழி எம்.ஏ. தத்துவம், ஜெர்மானியர் தாள்.
நாற்பத்தாறு வயதில் ஏன் என்று
வீட்டில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.
‘தன்னுணர்வின் ஒருமையை விளக்குக.’
மூன்று இரவாக அடிக்கோடிட்டு அடிக்கோடிட்டு
தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

நாற்பத்திரண்டு கோப்பைக்கு
நாற்பத்திரண்டு பேரை நிறுத்தியிருந்தால்
ஆளுக்கொரு ருசி கிடைத்திருக்கும்.
‘அதே’ என்ற சொல் மட்டும்
எவர் நாவிலும் இருந்திருக்காது.

ஒன்பதைத் துப்பி வெகுநேரம் ஆகிறது.
இடையில் ஏழு கோப்பைகள், ஒரு தும்மல்,
பெரியவளின் ஹாஸ்டல் கட்டணக் கணக்கு.
இத்தனைக்கும் ஊடே எவளோ ஒருத்தி
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறாள்.
எந்தக் கோப்பையிலும் அவள் இல்லை.
வெந்நீரால் கொப்பளித்துவிட்டு
வெறும் நாக்கைச் சுவைத்துப் பார்த்தேன்.
நாக்குக்கு நாக்கு ருசிக்காது.
ருசித்திருந்தால்
நாற்பத்திரண்டிலும் அது மட்டுமே இருந்திருக்கும்,
தேயிலை இருந்திருக்காது.

போஜனின் குறிப்பேட்டை எட்டிப் பார்க்கிறேன்.
கருகல், சப்பை, புகை.
ஒரு வரியிலும் ‘நான்’ கிடையாது.
வாய் திறந்தால் மட்டும்
உறிஞ்சினேன், துப்பினேன், மறந்தேன் என்று
கூப்பிடாமலே வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு
ஓர் ‘ஏன்’ வந்துவிடுகிறது.
தன்மை ஒருமை விகுதி.
ஆறாம் வகுப்பு இலக்கணம்,
பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தது.
ஒருமை என்று அன்றே சொல்லித்தான் இருக்கிறார்கள்.

ஒட்டியிருக்கும்வரை அது நான்.
தனியே பிய்த்து எடுத்தால்
கேள்வி.

இதை எழுதினால் பதினைந்துக்கு ஆறு போடுவார்கள்.
அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி
ஜன்னல் வெளுத்துவிட்டது.
கோப்பைகளில் எல்லாம் ஒரே சாம்பல்.

“பதினேழுக்கு என்ன போட, மேடம்?”

இரு போஜன், வெளிச்சம் வரட்டும்.
நிறம் பார்க்காமல்
சொல்லமாட்டேன்.