கடைசி சைக்கிள்

முன்னால் போகிறவன் ப்ரிமோ.
வழி காட்டுவதும் கதை விடுவதும் அவன் வேலை.
நான் கடைசி.
யாருக்குச் சங்கிலி கழன்றாலும்
யார் மல்பெரி மரத்தடியில் இறங்கி
வாயை நீலமாக்கிக்கொண்டு நின்றாலும்
காத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

நாளுக்கு முப்பது கிலோமீட்டர், அவ்வளவுதான்.
போ ஆற்றின் கரைமேல் பாதை.
இந்தச் சமவெளியில் ஏறுவதென்றால்
உடம்பின் எடை மட்டும்தான் ஏறும்.
பசிக்க மிதிப்பவர்கள் உண்டு.
இவர்கள் செரிக்க மிதிப்பவர்கள்.

பதினோரு மணிக்கு, ரெஜ்ஜோ பக்கத்துக் கீரை அடை.
மதியம் பூசணிப் பூரணம் வைத்த டோர்டெல்லி,
மேலே உருகிய வெண்ணெய், சேஜ் இலை.
நாலரைக்குக் காற்றை உள்ளே அடைத்துப் பொரித்த மாவு.
கூடவே நுரைக்கிற சிவப்பு ஒயின்.
எட்டு பேர். ஒருவரும் மீதி வைப்பதில்லை,
டோர்பென் உட்பட.

முதல் நாளே சொன்னார்,
நான் அவர் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது,
இரத்த வகையைச் சொல்வதுபோல:
இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல்.
மூக்கு போய்விட்டது.
உப்பு தெரியும், இனிப்பு தெரியும்,
சூடு தெரியும். அதற்கப்பால் சுவர்.
பயணத்துக்குப் பணம் கட்டியது காய்ச்சலுக்கு முன்பு.
தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு இந்த ஜூன்.

மனைவி போடில்தான் ஒவ்வொரு வேளையும் அவருக்குச் சொல்வாள்.
ஞாயிறன்று:
"ஜாதிக்காய், துளி. பின்னாலேயே பாதாமின் கசப்பு.
மழை நின்ற பிறகு மரக்கொட்டகை, அந்த மாதிரி."
செவ்வாயன்று: "நன்றாயிருக்கிறது."
புதன் மதியம்: "பூசணி."
அவர் தலையாட்டினார்.
இருவரும் ஆற்றைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

வியாழனன்று பாலாடைக்கட்டிக் கிடங்கு.
தரையிலிருந்து கூரைவரை வண்டிச் சக்கரங்களாய் அடுக்கு.
எர்மெஸ் ரப்பர் பூட்ஸோடு வந்தார்,
கையில் சின்னச் சுத்தியல்.
தட்டினார். காதை வைத்தார். திருப்பித் தட்டினார்.
உள்ளே வெடிப்பு இருந்தால் குரல் மாறுமாம்.
மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு
ருசி பார்க்கும் மேசைக்குப் போய்விட்டார்கள்.
டோர்பென் போகவில்லை.

சுத்தியலைக் கேட்டார்.
எர்மெஸ் அதை யாரிடமும் தந்ததில்லை;
இவரிடமும் தரவில்லை.
ஆனால் மூன்று சக்கரங்களைத் தட்டிவிட்டு
புருவத்தால் கேட்டார்: எது?
டோர்பென் நடுவில் இருந்ததைக் காட்டினார்.
"மூன்றும் நல்லது," என்றார் எர்மெஸ், கொஞ்சம் சந்தோஷமாகவே.
இன்னொரு வரிசை.
இந்தமுறை கண்ணை மூடிக்கொண்டார்.
இடது ஓரத்தைக் காட்டினார்.
எர்மெஸ் சிரிக்கவில்லை. சாக்கட்டியால்
அதில் ஒரு கோடு கிழித்தார்.

வெளியே ப்ரிமோ விசில் அடித்தான்.
இருபத்தைந்து நிமிடம் தாமதம்.
எனக்கென்ன, காத்திருப்பதற்குத்தானே சம்பளம்.

மேசையில் மிச்சம் இரண்டு துண்டு.
டோர்பென் ஒன்றை வாயில் போட்டு
மெல்லமாக, மிக மெல்லமாக மென்றார்.
"நொறுங்குகிறது," என்றார்.
"எப்படி?" என்று கேட்டாள் போடில்.
இந்த ஐந்து நாளில்
அவள் அவரை எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.
"பொடி ஜல்லியில் சைக்கிள் திரும்புமே, அப்படி.
இல்லை, பொறு. அதைவிடச் சின்னது.
உறைந்த குட்டைமேல் முதல் கால் வைக்கிற..."
அவர் சொல்லி முடிக்கும்வரை
அவள் தன் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கியபடி நின்றாள்.

சாயங்காலம் பாப்ளர் தோப்பு நிழலில்
வேகம் குறைத்து என் பக்கத்துக்கு வந்தார்.
"உங்கள் பின்சக்கரத்தில் ஒரு கம்பி தளர்ந்திருக்கிறது."
நான்கு வருடமாக என் கால் அறிந்த வண்டி.
இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன்.
இறங்கி ஒவ்வொன்றாய்க் கிள்ளிப் பார்த்தேன்.
பதினோராவது.

ப்ரிமோவின் மணி தூரத்தில், ஒரு வளைவுக்கு அப்பால்.
நான் சாவி திருகும்வரை டோர்பென் நின்றார்.
கொஞ்சம் முன்னே ஒரு காலைத் தரையில் ஊன்றி
வாயெல்லாம் நீலமாகப் போடிலும்.
கொசு கடித்தது.
இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருந்தது.