வெட்டியது போக மீதி

டிக்கெட் இருபத்திரண்டு ரிங்கிட்,
பினாங்குப் பாலத்துக்கு டோல்,
பார்க்கிங் ஐந்து.
சோளப்பொரி வாங்கவில்லை,
சிரிக்கும்போது புரையேறும் என்று.

அப்படி ஒரு நம்பிக்கை.

ஆறு வாரம் இந்தப் படத்துக்காகச் சண்டை போட்டவள் நான்.
கோயில் பொருளாளர் ஒருவர்
உண்டியல் பணத்தைச் சவப்பெட்டியில் ஒளிக்கிற கதை என்றார்கள்.
பார்க்காமலே புண்பட்டார்கள்.
பார்க்காமலே நானும் கையெழுத்துப் போட்டேன்,
சிரிப்புக்கு லைசென்ஸ் கேட்காதே என்று
மூன்று மொழியில் எழுதி.
சங்கச் செயலாளர் தவநேசன்,
அக்காள் கணவரின் தம்பி, பிறையில் எங்கள் வரிசை வீடு,
அன்றிலிருந்து என் கார் வந்தால்
தன் வீட்டு கேட்டின் துருவை ஆராய்வார்.

தணிக்கையில் ஏழு நிமிடம் போனது.
மீதி நூற்று முப்பத்து நான்கு.

ஒருவர் வழுக்கி விழுந்தார்.
இன்னொருவர் அவர்மேல் விழுந்தார்.
திக்குவாய் மாப்பிள்ளை தா, தா என்று இழுக்க
பின்னணியில் ஒரு டொய்ங்.
பருத்த அத்தை உட்கார்ந்து நாற்காலி உடைந்தது.
நாற்காலிக்கும் டொய்ங்.

உண்டியல் வரட்டும் என்று காத்திருந்தேன்.
வந்தது.
பொருளாளர் சவப்பெட்டி மூடியைத் தொடுகிறார்,
அடுத்த நொடி
வேறு சட்டையில் லங்காவியில் ஆடுகிறார்.
வெட்டின இடத்தில்தான் எல்லாம் இருந்திருக்கும் என்று
மனசுக்கு ஒரு சாக்குக் கொடுத்தேன்.
மனசு வாங்கிக்கொள்ளவில்லை.
டொய்ங் போடுகிறவன் கையில்
அந்த ஏழு நிமிடம் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

புண்படுத்தக்கூடத் தெரியவில்லை இவர்களுக்கு.
ஊசி என்று நினைத்து
ஊரைப் பகைத்து நான் காத்தது
ஓர் ஐஸ்கிரீம் குச்சி.

ஒரே ஒருமுறை சிரித்தேன். படத்துக்கு இல்லை.

போன மாதம் இதே தியேட்டர் வாசலில்
நாற்பது பேர், மஞ்சள் டீ சட்டை, பெரிய பேனர்.
அச்சடித்த கடைப் பையனுக்குத்
தமிழ் எழுத்தெல்லாம் ஒரே கொடியின் சுருள்.
தகரம் இருக்கவேண்டிய இடத்தில் வகரம் விழுந்துவிட்டது.
"இப்படத்தை உடனே வடை செய்!"
முக்கால் மணி நேரம்
வெயிலில் அதைத் தூக்கிப்பிடித்து முழங்கினார்கள்.
கூட வந்த ஒரு பிள்ளை, மூன்றாம் ஆண்டு படிக்கிறவள்,
எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு
"உளுந்தா, பருப்பா?" என்று கேட்டாளாம்.

இருட்டில் அது நினைவு வந்து
வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.
திரையில் அப்போது யாரோ தாய்க்காக அழுதுகொண்டிருந்தார்.
முன்வரிசை ஆள் திரும்பிப் பார்த்தார்,
எதையோ தவறவிட்டுவிட்ட முகம்.
பிறகு மரியாதைக்கு அவரும் சிரித்துவைத்தார்.

கீழே பார்க்கிங் இயந்திரத்தின் முன்
எனக்கு முந்தின ஆள் தவநேசன்.
புகாருக்குக் குறிப்பெடுக்க வந்தாராம்.
கக்கத்தில் நோட்டுப்புத்தகம், திறந்தபடி.
நாலு வரி எழுதியிருந்தது.
அதற்குக் கீழே பக்கம் முழுக்க
கட்டம் கட்டமாகக் கிறுக்கல்.

"எப்படி?" என்றார்.
ஆறு வாரத்தில் முதல் சொல்.

மோசம் என்றால் அவர் ஜெயித்ததாகிவிடும்.
பிரமாதம் என்றால் என் நாக்கு அழுகிவிடும்.
இப்போதும் சொல்வேன், தடுத்திருக்கக் கூடாது,
இவ்வளவு கேவலமாக எடுக்கவும்
ஒருவனுக்கு உரிமை உண்டு.
ஆனால் அது நீளமான வாக்கியம்.
பின்னால் ஒருவர் ஹெல்மெட்டோடு நிற்கிறார்.

"நீளம்" என்றேன்.
"ரொம்ப" என்றார்.

அவர் அட்டையில் பணம் போதவில்லை.
இரண்டுமுறை தட்டினார், சிவப்பு விளக்கு.
எட்டி என் அட்டையை வைத்தேன்.
இயந்திரம் சொன்னது,
டொய்ங்.

தவநேசன் உதடு ஒரு பக்கம் கோணியது.
சிரிப்புத்தானா என்று நான் பார்ப்பதற்குள்
குனிந்து சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஆக, பார்க்கிங் பத்து.