ஒன்றுக்கு ஐந்நூறு

கிண்ணியாவில், மூடிப்போன ஐஸ் கொம்பனிக்குப் பின்னால்
ஆறு வளைகிற இடத்தை
ஒரே இழுப்பில் வரைந்து முடித்திருந்தேன்.
நீலம். கரையோரம் கல் பாவிய நடைபாதை.
பதினாறு வாங்கு, எல்லாம் தண்ணீரைப் பார்த்தபடி.

"கச்சானுக்கு இதில குந்த ஏலுமா?"
என்றாள் பௌமியா.
கண்ணுக்குள் மண் அடிக்குமாம்.
தோணி திரும்ப நாலு பாகம் வேணும் என்று
கைகளை விரித்துக் காட்டினாள்.
தாளில் அது
என் பெருவிரல் நகம்.

மண் பார்க்கத் தோண்டிய குழியில்
இரண்டடியிலேயே டீசல் மினுங்கியது.
நிழலுக்கென்று நான் நட்ட மருதமரங்கள்
வேர்விட்டால் குடிக்கப்போவது அதைத்தான்.

தண்ணீர்த் தாங்கிக்கு வண்ண விளக்கு என்றதும்
பின்வரிசையில் காதர்முகைதீன் எழும்பினார்:
"அதுக்குக் கரண்ட் வருமெண்டா
எங்கட சேமலாபக் காசும் வருமோ?"
யாரோ சிரித்தார்கள்.
நான் தாளைச் சுருட்டத் தொடங்கினேன்,
கூட்டம் முடியவில்லை என்பதை மறந்து.

இரவு அலுவலகத்தில்
வாங்குகளைக் காற்றுக்கு முதுகு காட்ட வைத்தேன்.
பதினாறில் ஏழை அழித்தேன்
(எண்ணைத்தான் சொல்கிறேன்).
அந்த இடத்தில் கல்லும் இல்லை, மரமும் இல்லை.
அழிறப்பர் தூள் கிடந்தது. ஊதவில்லை.
நாளைக்குப் பணிப்பாளர் கேட்பார்,
இங்கே என்ன வருகிறது என்று.
தோணி, சேர்.