பதினேழாம் கேள்வி

ஊடகப் பயன்பாடும் சமூக மாற்றமும்
என்பது ஆய்வின் தலைப்பு.
பணம் அரசாங்கத்துடையது.
முதல் தவணை வந்துவிட்டது; இரண்டாவது
பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டு டெல்லியில் படுத்திருக்கிறது.
எனக்குப் படிவத்துக்கு அறுபது ரூபாய்.
காட்பாடியிலிருந்து பஸ் கட்டணம் தனி,
டிக்கெட்டைத் தொலைத்தால் அதுவும் கிடையாது.

குடியாத்தத்தில் இறங்கி
மகாநதி என்று பலகை மட்டும் நிற்கும் இடத்தைச்
செருப்பு நனையாமல் கடந்தால்
நூற்றுப் பன்னிரண்டாவது வீடு.
அமராவதி. வயது முப்பத்தொன்பது, தோராயமாக.
மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈர இலை.
நிமிராமலே சொன்னாள்:
"நீ கேளும்மா, கை பாட்டுக்குக் கை."

ரேடியோ உண்டா? இல்லை.
செய்தித்தாள்?
"இலை சுத்தி வரும். அப்ப படிப்பேன்."
எப்போதாவது. குறியீடு நான்கு.
டிவி? "கீது."
சேனலைத் தேர்ந்தெடுப்பவர் கணவரா, நீங்களா, பிள்ளைகளா?
"ரிமோட்ல பேட்டரி இல்ல. அதுவா ஓடிக்கினு கீது."
இதற்குக் குறியீடு தேடி இரண்டு நிமிடம் போனது.

பதினேழாம் கேள்வி:
கடந்த ஏழு நாட்களில் தகவல் பெறவோ தரவோ
செல்போனில் எத்தனை முறை பேசினீர்கள்?
"பேசறதே இல்லம்மா."
பூஜ்யம் போட்டேன்.
மை காயவில்லை,
இலைக்கட்டுக்கு அடியில் போன் ஒரு தடவை அடித்து நின்றது.
அவள் எழுந்தாள். தெருவே எழுந்தது.
எதிர்வீட்டு தில்ஷாத் இடுப்பில் குடத்தோடு,
பின்னால் பச்சையும் நீலமுமாய் இன்னும் ஏழெட்டுக் குடம்.
முறத்தோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்,
காற்றில் தூள் பறக்காமல் கையை வைத்துக்கொண்டு.

ஈரக் காலோடு வந்து சொன்னாள்:
"ஒரு ரிங்குன்னா மேட்டுத் தெருல தண்ணி.
ரெண்டுன்னா ஏஜெண்டு வரான், நீயும் எண்ணி வை.
எடுத்தா அடிக்கறவளுக்குக் காசு. நாங்க எடுக்க மாட்டோம்.
முப்பத்தியாறு பேரு. யாரும் எடுக்க மாட்டோம்."
போன மாதம் ரெண்டு ரிங் அடித்த அன்றைக்கு
ஆயிரத்துக்கு நூறு பீடி கழிக்க வந்தவன்
வாசலுக்கு வாசல் ஒரே கணக்கைக் கேட்டு
நாற்பதோடு போனானாம்.
இதைச் சொல்லும்போது மட்டும் கை நின்றது.

படிவத்தைப் புரட்டினேன்.
அழைப்பு இருந்தது, குறுஞ்செய்தி இருந்தது.
மற்றவை என்ற கட்டம் தீப்பெட்டி அகலம்.
அதற்குள் நுணுக்கி எழுதினேன்: எடுக்காத அழைப்பு.
வேலூரில், ஏசி அறையில், கம்ப்யூட்டரில் ஏற்றிய பையன்
மற்றவை என்றால் தொண்ணூற்றொன்பது என்றான்.
தொண்ணூற்றொன்பதைப் பகுப்பாய்வில் சேர்ப்பதில்லை.

அறிக்கை வந்தது. வழவழ அட்டை,
அட்டையில் ஒரு பெண் சிரிக்கிறாள், எந்த ஊரோ.
பக்கம் நாற்பத்தொன்று:
இப்பகுதிப் பெண்களிடையே தகவல் தொடர்பு மிகக் குறைவு.
விழிப்புணர்வு தேவை.
அதற்கும் ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள்.
பொய் என்று நான் சொல்ல முடியாது.
அந்தப் பூஜ்யம் என் கையெழுத்து,
அறுபது ரூபாயையும் எண்ணித்தான் வாங்கினேன்.

அன்று கிளம்பும்போது என் நம்பரைக் கேட்டாள் அமராவதி.
எதற்கு என்றேன்.
"சும்மாதான்," என்றாள்,
நூலைப் பல்லால் அறுத்தபடி.

நேற்று ராத்திரி பத்தேகால்.
கோட்டை அகழி ஓரம் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
போன் அடித்தது. ஒன்று. ரெண்டு.
மூன்று.
நின்றது.

மூன்றுக்கு என்ன என்று
நான் கேட்டிருக்கவில்லை.
திருப்பி அடித்தேன்.
அவர்கள்தான் எடுக்க மாட்டார்களே.