கொம்பு இடம் மாறாத திரை

பெங்களூரில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடம்
மூன்றாண்டுக்கு ஒருமுறை தோலுரிக்கிறது.
உரித்த தோல்கள் ஓசூர் தாண்டி
சூளகிரியில் டீ குடித்துவிட்டு வந்து
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
அப்ரோஸ் அண்ணன் கடையில்
அடுக்கடுக்காய்ப் படுத்திருக்கின்றன.

என்னிடம் பதினெட்டாயிரத்து நானூறு.
அத்தனையும் ஃபிளெக்ஸ் கடைச் சம்பாத்தியம்:
காதணி விழாக்கள், கண்ணீர் அஞ்சலிகள்.
ஒருமுறை இரண்டுக்கும்
ஒரே ரோஜாவை ஒட்டிவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை.

ஜூலையில் எம்.எஸ்சி. புள்ளியியல்.
ராத்திரியில் படக்கதை,
காவேரிப்பட்டணம் டவுன் பஸ்ஸில்
பக்கத்துத் தோளில் தூங்கி விழுகிறவர்களைப் பற்றி.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி வேண்டும்.

"கேம் ஆடவா பாப்பா?"
"இல்லண்ணே, லினக்ஸ் போட."
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் பேசியது.

சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவைச் சொருகி
உள்ளிருப்பதைத் தொடாமல்
வெளியிலிருந்தே எழுப்பினேன் ஒவ்வொன்றாய்.

வெள்ளி நிறத்தில் ஒன்று, அப்பளம்போல் மெலிசு.
எல்லாம் வந்தது, வைஃபை வரவில்லை.
ரேமைப் பலகையோடு பற்றவைத்திருந்தார்கள்,
நாளைக்குக் கூட்ட வழியில்லை.
மூடினால் தூங்கியது. திறந்தால் எழவில்லை.
அப்ரோஸ் அண்ணன் அதன் முதுகில் தட்டினார்,
பரீட்சை நாளில் பிள்ளையை எழுப்புகிறவர்போல.

அடுத்தது மாவு மில்.
அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது கறுப்பு. கனம். மூலையில் சிராய்ப்பு.
சொத்து எண் ஒட்டியிருந்த இடத்தில் பிசுபிசுப்பு.
பேட்டரி, நூற்றுக்கு எழுபத்தொன்று உயிரோடு.
எழுத்துச் சாவிகள் சொரசொரப்பாகவே இருக்க
அழிக்கும் சாவி மட்டும் வழவழத்துக் கிடந்தது.
யாரோ ஒருவர்
எழுதியதைவிட அதிகம் அழித்திருக்கிறார்.
ராஜினாமாவோ, மன்னிப்போ.

கெலமங்கலம் என்று அடித்தேன்.
தேன்கனிக்கோட்டை. பேரிகை. போச்சம்பள்ளி.
ஃபிளெக்ஸ் கடைக் கணினியில் கொம்பு எப்போதும்
எழுத்தைவிட்டு ஓரடி தள்ளி நிற்கும்,
சீர்த்தட்டில் குறை கண்ட சம்பந்திபோல.
இதில் ஒட்டி நின்றது.

இரவல் வாங்கி வந்த வரைபலகையை இணைத்தேன்.
அழுத்தினால் தடித்தது கோடு,
கை தளர்ந்தால் இழைத்தது.
அப்ரோஸ் அண்ணனின் மூக்கை வரைந்தேன்.
"இவ்ளோ பெருசா?" என்றார்,
கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து
மறுபேச்சு பேசவில்லை.

கைரேகை மட்டும் படிக்கவில்லை.
ரேஷன் கடை மெஷினும்தான்
அம்மாவின் விரலை மூன்று தடவை கேட்கிறது.

"பத்தொன்பது."
"விண்டோஸ் வேணாம்ண்ணே, அந்தக் காசக் கழிச்சுக்கங்க."
"அதுக்கு நான் காசு குடுத்திருந்தாத்தானே
பாப்பா கழிக்கிறது?"
சிரித்து முடித்தபோது அறுநூறு குறைந்திருந்தது.
கையில் மிச்சம் பூஜ்யம்.
டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை,
அந்த தைரியத்தில் போட்ட கணக்கு.

பையில் வைக்கும்போது மெதுவாகக் கேட்டார்:
"அந்தப் பென்டிரைவ இப்டிக் குடேன்.
மாவு மில்லுல போட்டுப் பாக்கறேன்."

காசு கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது.
என்னிடம் யார் கேட்டார்கள்?

நகலெடுக்கப் பதினோரு நிமிடம் என்றது திரை.
எதிரே என் பஸ் வந்து, நின்று,
இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.