வாடகைக்கு அஞ்சும் மூவர்

கசவனஹள்ளி, நாலாவது மாடி.
லிஃப்ட் இருக்கிறது, ஓடாது.
ஏப்ரல் மூன்றாம் வாரம்.
குழாயைத் திறந்தால் ஒரு செருமல்,
அவ்வளவுதான்.

திரைக்குள் ஆனால்
இரண்டு வாளி போதும்.
சதுரமாய்க் குழி வெட்டி
எதிரெதிர் மூலையில் ஊற்றிவிட்டால்
அள்ள அள்ளக் குறையாது.
இதை முதன்முதலாகக் கண்ட இரவு
மடிக்கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம்
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இரும்பு வேண்டியிருந்தது,
மலையிலிருந்து கடல்வரை தண்டவாளம் போட.
குகையில் இறங்கித் தோண்டலாம்தான்.
ராத்திரி பதினொன்றரை வரை
அடுத்த தேசத்தார் புகாரைத் தோண்டுகிறவளுக்கு
அதற்குமேலும் கடப்பாரையா?
பண்ணை கட்டினேன்.

மூன்று கிராமத்தாரைப் படகில் ஏற்றிக் கடத்தவேண்டும்
(படகு தரையிலும் ஓடும், கேட்காதீர்கள்).
ஒருவன் நூலகன். ஒருத்தி மீன்காரி.
மூன்றாமவன் பச்சை அங்கி, எந்தத் தொழிலும் வராது.
பரவாயில்லை, அவனுக்கும் பயம் வரும்.
ஆளுக்கொரு கட்டில்.
கண்ணாடிக்கு அப்பால் நடக்கிற பிணம் ஒன்று.
பார்த்ததும் அலறுவார்கள்.
அலறல் போதிய அளவு சேர்ந்தால்
வெறும் காற்றிலிருந்து இறங்குவான்
இரும்புக் காவலன்,
அவர்களைக் காப்பாற்ற.
அவன் காலடியில் நான் விட்டிருக்கும் நீர்
அவனை இழுத்துப்போய்த் தீக்குழம்பில் நிறுத்தும்.
மிஞ்சியதைப் பெட்டி வாங்கிக்கொள்ளும்.

சொல்லும்போதுதான் கொடூரம்.
கட்டும்போது
கட்டம் எண்ணுவது மட்டும்.

பிணத்துக்குப் பெயர்ச்சீட்டு கட்டியாக வேண்டும்,
பெயரில்லாத பிணம்
நாம் தள்ளிப்போனதும் மறைந்துவிடும்.
"என்ன பேர் வைக்க?"
தட்டுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த ஜெசிந்தா
திரும்பாமலே சொன்னாள்:
"வாடகை."

வாடகை உறுமியது.
மூவரும் அலறினார்கள்.
இரும்பு வரவில்லை.

ஒரு மணி. ஒன்றரை.
நீரின் போக்கைப் பார்த்தேன்,
கண்ணாடியின் உயரத்தை, கட்டிலின் திசையை.
இரண்டேகாலுக்குப் பிடிபட்டது.
தூங்கி எழுந்தவர் பயந்தால்தான் காவலன் வருவான்.
தூங்காதவர் எத்தனை அலறினாலும்
கணக்கில் சேராது.
வாடகை ஓயாமல் முறைத்துக்கொண்டிருந்ததில்
மூன்று பேரும் கண்ணே மூடவில்லை.

இந்த விதியை எழுதியவர் யாரோ,
எங்கள் கட்டடத்தில் குடியிருந்திருக்கிறார்.

விசை வைத்து ஒரு பலகைக்கதவு போட்டேன்.
கொஞ்ச நேரம் வாடகை தெரியும்,
கொஞ்ச நேரம் தெரியாது.
தெரியாதபோது படுத்துக்கொண்டார்கள்,
சதுரத் தலைகளைச் சதுரத் தலையணையில் வைத்து.
முதல் காவலன் விழுந்தபோது மணி மூன்றே முக்கால்.
ஜெசிந்தாவை எழுப்பலாமா என்று இருந்தது.
எழுப்பவில்லை.

தானியங்கி என்றுதான் பேர்.
ஆனால் நான் பக்கத்தில் நிற்காவிட்டால்
அந்த உலகம் அப்படியே உறைந்துவிடும்.
ஒன்றும் செய்யவேண்டாம்,
நின்றால் போதும்.
என்னை அங்கே நிறுத்திவைத்தேன்.

ஐந்து பத்துக்குக் கீழே டேங்கர் ஹாரன்.
முனிரெட்டி எல்லாத் தளத்துக்கும் கேட்கக் கத்தினார்,
"நீரு பந்து!"
மோட்டார் சுவிட்சை ஒருவர் அழுத்திக்கொண்டே நிற்கவேண்டும்,
விரலை எடுத்தால் நின்றுவிடும்.
இந்த வாரம் எங்கள் முறை.
நாற்பது நிமிடம் நின்றேன்.
வலது பெருவிரல், பிறகு இடது,
பிறகு மறுபடி வலது.

மேலே வந்து பெட்டியைத் திறந்தேன்.
இரும்பு நூற்றுப் பதினெட்டு.
கூடவே சிவப்புப் பூ, முப்பத்தொன்று.

பூவை யாரும் கேட்கவில்லை.
கிராமம் கிராமமாக இருக்கிற இடத்தில்
காவலன் அதைக் குழந்தைகளிடம் நீட்டிக்கொண்டு
நெடுநேரம் நிற்பான், பார்த்திருக்கிறேன்.
என் பண்ணையில் குழந்தைக்கு இடம் விடவில்லை.
அவன் பாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான்,
தீவரைக்கும்.

பூவைத் தனியே பிரித்து எரிக்க
வடிகட்டி ஒன்று உண்டு.
ஐந்து நிமிட வேலை.
குளியலறையில் வாளி நிறைகிற சத்தம்,
அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே வந்தது.

இன்னொரு பெட்டி செய்தேன்.
எட்டுப் பலகை ஆனது.